முன்னே உலர்வு, பின்னே ஈரம்

ஒரு நாளில் நம் வாயில் எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது தெரியுமா? ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர்! அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியால் விழுங்கவோ இருமவோ இயலாது. அறுவை நடக்கும் இடமே மூச்சுப்பாதை என்றால், ஊறும் நீர் மருத்துவரின் பார்வையை மறைக்கும், நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும்.

ஆகவே, தேவைப்படும் நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் உமிழ்நீரைக் குறைக்கும் ஊசி போடுகிறார்கள். இவ்வகை மருந்துகளில் பழையது அட்ரோபின். பெல்லடோனா என்னும் செடியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இது பிரித்தெடுக்கப்பட்டது. நம் ஊர் ஊமத்தையிலும் இது உண்டு. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு நா வறள்வது இதனால்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிப்பட்டு, 'சுரந்திடு' என்று சுரப்பியை ஏவுகிறது. அது வந்து பொருந்த வேண்டிய இடத்தை அட்ரோபின் முன்பே பிடித்துக்கொள்கிறது. ஏவல் போய்ச் சேருவதில்லை, சுரப்பு குறைகிறது. இன்று பல இடங்களில் இதற்குப் பதிலாகக் கிளைக்கோபைரோலேட் தரப்படுகிறது. அது மூளைக்குள் எளிதில் நுழையாது என்பதால் மனக்குழப்பம் உண்டாக்குவது குறைவு.

மூச்சுப்பாதை ஏற்கெனவே அடைபட்டிருந்தால் தூக்க மருந்து கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். நோயாளி தம் முயற்சியால்தான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். அந்த முயற்சி தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இப்படி அடைபட்டவருக்குச் செய்யப்படும் அறுவைகளில் ஒன்று டிரக்கியாஸ்டமி. கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழலில் துளையிட்டு, வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் 1909இல் இதற்குச் சீரான முறையை விளக்கி எழுதினார்.

அறுவை முடிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது உலர்வுதான் எதிரி! ஏன்? நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கு. கழுத்துக் குழாய் வழியே செல்லும் காற்று மூக்கைத் தொடுவதே இல்லை. வறண்ட காற்றால் சளி இறுகும். குழாய் அடைபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

எனவே மூக்கின் வேலையைச் செவிலியர் ஏற்கிறார். ஈரமூட்டிய காற்றைத் தருகிறார். மெல்லிய குழாயால் சளியை உறிஞ்சி எடுக்கிறார்; ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் உறிஞ்சுவதில்லை. சளியோடு காற்றும் வெளியேறிவிடும் அல்லவா? உட்குழாய் இருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார். குழாய் நழுவினால் உடனே மாற்றுவதற்காக, அதே அளவில் ஒன்றும் அதைவிடச் சிறியது ஒன்றும் கட்டிலருகே தயாராக இருக்கும்.

குரல் நாண்கள் துளைக்கு மேலே இருப்பதால், தொடக்க நாட்களில் காற்று அவற்றை எட்டாது. நோயாளி வலித்தாலும், மூச்சு முட்டினாலும் கத்த முடியாது. அதனால்தான் செவிலியர் அறையைவிட்டு நகருமுன், அவர் கைக்கு எட்டும்படி அழைப்பு மணியையும், தாளையும் பென்சிலையும் வைத்துவிட்டுப் போகிறார்.