மூன்றாவது பெயருக்கு வந்த முறை

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் ஆடுகின்றன. சீசன் நடக்கும்போது ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு முன் ஒரு தாளை வெளியிடும். அதற்கு டெப்த் சார்ட் என்று பெயர். இடது ஓரத்தில் களத்தின் இடங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வோர் இடத்துக்கும் நேரே இரண்டு மூன்று பெயர்கள். முதல் பெயர்க்காரர் இறங்கி ஆடுவார். அவருக்கு அடிபட்டால் இரண்டாமவர் ஓடிவர வேண்டும். அவரும் விழுந்தால் மூன்றாமவர். ரசிகர்கள் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஓர் அணி சீசன் முடியும்வரை தாங்குமா என்பதை இரண்டாவது பெயரிலிருந்துதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கிற பதினொருவரேதான் பந்தையும் துரத்துகிறார்கள். இங்கே முன்னேறித் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், எதிரணியைத் தடுப்பதற்கு வேறொரு பதினொருவர், பந்தை உதைக்கும் வேளைகளுக்கு இன்னொரு கூட்டம். முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 1950இல் நிலைபெற்ற பிறகே ஆளுக்கொரு வேலை என்றாயிற்று. 1960இல்கூட ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சக் பெட்னரிக் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடினார். அப்படிப்பட்டவர்கள் பின்னர் அரிதாகிப் போனார்கள். இன்று அணிக்கு 53 பேர். அவர்களில் ஆட்டத்தன்று சீருடை அணிந்து தயாராக நிற்கக்கூடியவர்கள் அதிகபட்சம் 48 பேர்தான். அந்த 48 கிடைப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது எட்டுப் பேராவது தாக்குதல் அணியின் முன்வரிசை ஆட்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 47தான்.

அந்த முன்வரிசையில் நிற்பவர்கள் ஐந்து பேர். பெரும்பாலும் 135 கிலோவைத் தாண்டிய உடம்புக்காரர்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிராளிகள் நெருங்கவிடாமல் மறிப்பது இவர்கள் வேலை. இவர்களில் இடது கோடியில் நிற்கும் லெஃப்ட் டேக்கிளுக்குச் சம்பளமும் மரியாதையும் கூடுதல். வலக்கைக்காரர் பந்தை எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடப்பக்கம் காட்டியபடி இருக்கும். அந்தப் பக்கமிருந்து பாய்ந்து வருபவர் அவர் கண்ணில் படமாட்டார்.

தாளில் இந்த ஐந்து இடங்களுக்கும் மாற்றுப் பெயர்கள் ஒழுங்காக அச்சாகியிருக்கும். அதை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். ஐந்து இடத்துக்கு ஆட்டத்தன்று எட்டு ஆள் என்றால், மூன்று பேர் ஐந்து இடங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே ஆள் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மாற்றாக இருப்பார். நடு ஆளுக்கு அடிபட்டால் பக்கத்திலிருப்பவர் நகர்ந்து நடுவுக்குப் போவார், வெளியிலிருந்து வருபவர் அவர் விட்ட இடத்தில் நிற்பார். தாள் நேர்க்கோடாக எழுதியிருப்பதைக் களம் குறுக்கே இழுத்துக் கலைத்துவிடும். பயிற்சியாளர்களுக்கும் தங்கள் திட்டத்தை எதிரணிக்கு எழுதிக் கொடுக்க ஆசையிருக்காது. சில இடங்களில் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'அல்லது' என்று போட்டுவிட்டு நழுவிக்கொள்வார்கள்.

இரண்டாம் மூன்றாம் பெயர்க்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். உதைத்த பந்தின் பின்னால் உயிரைக் கொடுத்து ஓடி ஆளை மடக்குகிற வேலை பெரும்பாலும் அவர்களுடையது. அதைச் செய்யத் தெரியாத, தடுப்பு அணியின் ஐந்தாவது லைன்பேக்கருக்கு அணியில் இடமே கிடைக்காது.

குவார்ட்டர்பேக் கட்டம் மட்டும் தனி ரகம். முதல் பெயர்க்காரர் நன்றாக இருக்கும்வரை மாற்று ஆளுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. வாரப் பயிற்சியிலும் முக்கால்வாசி நேரம் முதலாமவருக்கே போய்விடும். ஆக, பெரிதாகப் பழகாமலே எந்த நிமிடமும் இறங்கத் தயாராக இருக்க வேண்டியவர் இரண்டாமவர். மூன்றாமவரின் கதி இன்னும் மோசம்.

சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணி 2022 சீசனைத் தொடங்கியபோது அந்தக் கட்டத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் ட்ரே லான்ஸ். அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் 2021 வீரர் தேர்வில் மூன்றாவதாக அவரை எடுப்பதற்காக, எதிர்கால முதல் சுற்று வாய்ப்புகளையும் சேர்த்து அள்ளிக் கொடுத்திருந்தது அணி. இரண்டாவது ஜிம்மி கரோப்போலோ. முந்தைய முதல் பெயர்க்காரர், வேறு அணிக்கு மாற்றப் பார்த்தும் நடக்காததால், குறைந்த சம்பளத்துக்குத் தங்கிவிட்டவர். மூன்றாவது பிராக் பர்டி. அந்த ஆண்டு தேர்வான 262 பேரில் 262ஆவது ஆள். கடைசியாக எடுக்கப்படுபவருக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கேலிப் பட்டம் சூட்டுவது 1976 முதலே வழக்கம்.

இரண்டாவது வாரத்தில் லான்ஸின் கணுக்கால் உடைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மயாமியுடனான ஆட்டத்தில் கரோப்போலோவின் பாதம் உடைந்தது. பர்டி இறங்கினார், ஜெயித்தார், ஜெயித்துக்கொண்டே இருந்தார். இதில் அவர் திறமைக்குப் பங்கு உண்டு, மற்றக் கட்டங்களுக்கும் உண்டு. இடது கோடியில் ட்ரென்ட் வில்லியம்ஸ், பந்தைப் பிடிக்க ஜார்ஜ் கிட்டில், அக்டோபரில் கரோலினாவிலிருந்து வாங்கிய ஓட்டக்காரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. சுற்றிலும் முதல் பெயர்கள் நின்றதால்தான் மூன்றாவது பெயரால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

2023 ஜனவரி 29 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஈகிள்ஸுடன் நடந்த ஆட்டம், சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டிக்கு முந்தைய படி. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எதிரணியின் ஹாசன் ரெடிக் வந்து மோதியதில் பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. டிசம்பரில் அவசரமாகச் சேர்த்திருந்த ஜோஷ் ஜான்சன் வந்தார். மூன்றாம் கால்பகுதியில் அவர் தலையில் அடிபட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் பெயரே இல்லை. கையைச் சரியாகத் தூக்க முடியாத பர்டியே திரும்ப வந்து, பந்தை ஓட்டக்காரர்களிடம் கொடுத்துக்கொண்டு நின்றார். 31-7 என்று தோல்வியில் முடிந்தது.

அந்த ஆண்டே விதி மாறியது. 53 பேர் பட்டியலிலிருக்கும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை, அன்றைய ஆட்டக்காரர் எண்ணிக்கையில் சேர்க்காமலே அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. முதலிருவரும் ஆட முடியாமல் போனால் மட்டுமே அவர் இறங்கலாம். இப்படி ஒரு ஏற்பாடு முன்பும் இருந்து, 2011இல் கைவிடப்பட்டதுதான்.

பர்டி அறுவை சிகிச்சை முடிந்து செப்டம்பரில் முதல் பெயராகவே திரும்பினார். லான்ஸ் அதற்குள் பர்டிக்கும் சாம் டார்னால்டுக்கும் கீழே மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். ஆகஸ்டில் அவரை டாலஸ் அணிக்கு மாற்றியபோது, பதிலுக்குக் கிடைத்தது ஒரேயொரு நான்காம் சுற்று வாய்ப்பு.