பார்வையாளருக்கா, விலங்குக்கா?

வெள்ளவத்தையை அடுத்துள்ள தெஹிவளை மிருகக்காட்சிசாலையை 1936இல் அரசு பொறுப்பேற்றது. அதற்கு வித்திட்ட ஜோன் ஹகன்பெக்கின் சகோதரர் கார்ல், கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் சூழ்ந்த விலங்ககத்தை 1907இல் ஹம்பேர்க்கில் திறந்தவர். அகழிக்கு இடம் வேண்டும். குடியிருப்புகள் நெருக்கும் தெஹிவளையில் அது அரிது. கூட்டைச் சுருக்கினால் விலங்கு கண்ணெதிரே நிற்கும். ஆனால் ஒதுங்க மறைவின்றித் தவிக்கும். மறைவிடம் அமைத்தாலோ, கட்டணம் செலுத்தியும் எதையும் காணவில்லையென மக்கள் குறைகூறுவர். 2015இல் பின்னவலையிலும் 2016இல் ரிதியகமவிலும் விசாலமான திறந்தவெளிகள் உருவாகியுள்ளன. பெரும் விலங்குகளை அங்கு மாற்றி, தெஹிவளையில் எஞ்சுவனவற்றின் வாழிடத்தை விரிப்பதே தகும். சில வேளைகளில் விலங்கு கண்ணிற்படாதிருப்பதை நாமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.