பட்டம் வேண்டாம், கூசி போதும்

பாரிஸுக்கு வடகிழக்கே, பிக்கார்டிப் பகுதியின் குன்று ஒன்றில் இடிந்து நிற்கிறது கூசி கோட்டை. இதை ஆண்ட குடும்பம் தன்னை அரசர் என்றோ டியூக் என்றோ கவுண்ட் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. கூசியின் பிரபு, அவ்வளவுதான். பணிவுபோலத் தோன்றும் இந்தச் சொல்லில் இருந்தது கலப்பில்லாத செருக்கு. 1220-களில் மூன்றாம் அங்கெரான் இங்கே எழுப்பிய முதன்மைக் கோபுரம் சுமார் 54 மீட்டர் உயரம் கொண்டிருந்தது. பாரிஸில் மன்னரின் லூவர் கோபுரம்கூட அதைவிடக் குட்டையாக இருந்தது.

அவர் மகன் நான்காம் அங்கெரான், தன் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்டார். ஒன்பதாம் லூயி மன்னர் அவரைச் சிறைப்பிடித்து விசாரித்தார். பெருங்குடியினர் திரண்டு வந்து வாதாடியதால் உயிர் தப்பியது. அபராதம் மட்டும் மலையளவு.

1311-இல் நான்காம் அங்கெரான் வாரிசில்லாமல் இறந்ததோடு ஆண்வழி அறுந்தது. ஆனால் கூசி என்ற பெயர் அறுபடவில்லை. அவருடைய சகோதரி அலிக்ஸ் கீன் நாட்டுக் கவுண்டை மணந்திருந்தார். அவர் வயிற்றில் பிறந்த மகன் தந்தைவழிப் பெயரை விட்டுத் தாய்மாமன் பெயரையும் கேடயச் சின்னத்தையும் ஏற்று, ஐந்தாம் அங்கெரான் ஆனார். வரலாற்றுப் பட்டியல்களில் அங்கெரான்களின் எண்கள் விடுபடாமல் தொடர்கின்றன; வரிசையைத் தாங்கிப் பிடித்த அலிக்ஸுக்கு அதில் எண் கிடையாது. வம்சாவளி வரையும் எவரும் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்பேன்.

கடைசி அங்கெரான் ஏழாமவர். பிரெஞ்சு மன்னர் ஜானின் விடுதலைக்கு ஈடாக, 1360-இல் இங்கிலாந்துக்குப் பிணையாகப் போனவர், அங்கே மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவை 1365-இல் மணந்தார். மறு ஆண்டே பெட்ஃபோர்டு ஏர்ல் பட்டம். அடுத்து சுவாசோன் கவுண்ட் பட்டம். பட்டமே வேண்டாம் என்ற குடும்பத்துக்கு, பகை நாடுகள் இரண்டிலும் பட்டங்கள்! நூறாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. யார் பக்கம் நிற்பது? மாமனார் உயிரோடிருந்தவரை அவர் எந்தப் பக்கமும் வாளெடுக்காமல் காலம் கடத்தினார். 1377-இல் எட்வர்ட் இறந்ததும் ஆங்கிலப் பட்டங்களையும் நிலங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரான்ஸின் பக்கம் வந்தார்.

அந்தத் தேர்வு வீட்டையும் பிளந்தது. மூத்த மகள் மரி பிரான்ஸில் தங்கினாள்; இளையவள் பிலிப்பா தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு ஏர்லுக்கு மனைவியானாள். எந்தப் பட்டத்தைத் துறப்பது என்று தகப்பன் எடுத்த முடிவை இரண்டு பெண்களின் வாழ்க்கையிலும் காணலாம்.

1396-இல் நிக்கோபோலிஸ் போரில் ஒட்டோமான் படையிடம் சிறைப்பட்ட ஏழாம் அங்கெரான், மறு ஆண்டு புர்சாவில் இறந்தார். அதே போருக்குப் போன மரியின் கணவரும் வீடு திரும்பவில்லை. தனித்து நின்ற மரி, 1400-இல் கூசியை மன்னரின் தம்பி ஓர்லேயான் டியூக் லூயிக்கு விற்றார். அந்த லூயியின் பேரன் 1498-இல் பன்னிரண்டாம் லூயி என்ற பெயரில் அரியணை ஏறினார். கூசியின் பிரபுவும் பிரான்ஸின் அரசரும் ஒரே ஆள் ஆனார்கள்.