சம்பூரில் பிந்திவந்த கேள்வி

திருகோணமலைக் கோட்டைக் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு, கொட்டியாரக்குடாவின் விரிந்த நீர்ப்பரப்பிற்கு அப்பால், மகாவலி கங்கை கடலோடு கலக்கும் மூதூர்ப் பக்கத்துக்குக் கிழக்கே, தாழ்ந்ததொரு மரவரிசையாகத் தோன்றும் கரைதான் சம்பூர். அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. இலங்கை, இந்திய அரசாங்கங்களின் ஆசியோடு தொடங்கிய காரியம் பத்தாண்டு இழுபட்டுக் கைவிடப்பட்ட இவ்வரலாறு, நிலைபேறான அபிவிருத்தி பற்றிய சர்வதேசச் சட்டத்தில் நல்லாட்சிக்கு ஏன் இடமளிக்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

நல்லாட்சி என்பது நம் நாட்டில் சற்றே நொந்துபோன சொல். 2015இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அதனையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டமையால், இன்று தேநீர்க் கடையில் அச்சொல்லை உச்சரித்தால் சிரிப்பவரே அதிகம். ஆயினும் சட்ட அறிஞர் வழக்கில் அதற்கு அளவான பொருள் உண்டு. சர்வதேசச் சட்டச் சங்கம் 2002இல் வெளியிட்ட புதுடில்லிப் பிரகடனம், நிலைபேறான அபிவிருத்திக்கு ஆதாரமான ஏழு தத்துவங்களை வகுத்து, அவற்றுள் ஒன்றாக நல்லாட்சியை நிறுத்தியது. முடிவெடுக்கும் முறை வெளிப்படையாக இருத்தல், நிதிப் பொறுப்புக்கூறல், ஊழலைத் தடுத்தல், சட்டத்தின் ஆட்சியையும் மனித உரிமைகளையும் பேணுதல் ஆகியன அதன் உள்ளடக்கம். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1992இன் றியோ பிரகடனத்தின் பத்தாம் தத்துவம், தகவல் அறிதல், முடிவுகளிற் பங்குபற்றல், நீதிமன்றத்தை நாடல் என்னும் மூன்று வாயில்களையும் பிரஜைக்குத் திறந்துவிடுமாறு அரசுகளைக் கேட்டிருந்தது.

இத்தத்துவங்கள் மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று எண்ணுவோர் நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரியை நினைவுகூர வேண்டும். தன்யூப் நதி அணைக்கட்டுப் பற்றி ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்காடியபோது, சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராயிருந்த அவர், 1997இல் எழுதிய தனித் தீர்ப்பில், நிலைபேறான அபிவிருத்தி வெறும் இலட்சியமன்று, சட்டத் தத்துவமே என்று நிலைநாட்டுவதற்கு இலங்கையின் பழைய குளங்களையே சாட்சிக்கு அழைத்தார். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று ஐதிகம் சொல்லிவரும் திருகோணமலையாருக்கு இதில் வியப்பிருக்காது. குளத்தோடும் கோணேசர் கோயிலோடும் பிணைந்த கடமைகள் எவரெவர்க்கு உரியன என வகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு இம்மண்ணின் நூல் அல்லவா?

வீரமந்திரியின் அக்கருத்து மூன்றே ஆண்டுகளில் நாடு திரும்பி இம்மாவட்டத்தின் வாசலைத் தொட்டது. எப்பாவலையில் பொஸ்பேற்றுப் பாறையை வெட்டி, திருகோணமலையில் அமையவிருந்த ஆலையில் பதப்படுத்த அமெரிக்கக் கம்பனியொன்று செய்யவிருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து, எப்பாவலைக் கமக்காரர் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஜூனில் தீர்ப்பெழுதிய நீதியரசர் அமரசிங்க, நாட்டின் இயற்கைச் செல்வத்துக்கு அரசாங்கம் உரிமையாளன் மட்டுமன்று, மக்களின் பொருட்டு அதனைக் காக்கும் பாதுகாவலனும் ஆகும் என்னும் கருத்தை வலியுறுத்தி, முறையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் நிறைவேறாமல் ஒப்பந்தம் செய்யலாகாது என்று தடுத்தார்.

அத்தகைய தீர்ப்பு ஏட்டில் இருக்கும்போதே சம்பூர் நிகழ்ந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. 2006இல் யுத்தம் மூதூர் கிழக்கை விழுங்கியது. சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறி, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலான இடங்களில் தகரக் கூரைகளின் கீழ் ஒதுங்கினர். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலை மாவட்டத்தில் மின்நிலையம் அமைக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. மறு ஆண்டு ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் ஏறின. 2012இல் 818 ஏக்கர் கனரகக் கைத்தொழில் வலயமாயிற்று. 2013இல் மின்சாரக் கொள்வனவு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வந்ததோ 2015இல். எட்டொன்பது ஆண்டுகளாகத் தீர்மானிக்கப்பட்டுவிட்ட ஒரு காரியத்துக்கு, முகாமில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நிற்பவன் ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் தவணை அளிப்பதைக் கலந்தாலோசனை என்று அழைப்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 2015இல் அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி அறிவித்தல் ரத்தாகி, காணிகள் உரியவர்களுக்குத் திரும்பத் தொடங்கின. மக்களும் மீனவரும் வீதிக்கு வந்தனர். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றில் வழக்கிட்டது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று அரச தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நட்டம் எவருக்கு என்று கேட்டால், ஊராருக்கு மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பத்தாண்டுகளாக ஓர் அலகு மின்சாரமும் பெறாத நாட்டுக்கும், பணத்தையும் காலத்தையும் முடக்கிய முதலீட்டாளருக்கும் அது நட்டமே. முதலில் கேட்க வேண்டியதை இறுதியில் கேட்பது, முதலீட்டாளரின் கணக்கிலும் மலிவான வழியன்று.

இப்போது அதே சம்பூரில் சூரியசக்தி வருகிறது. 120 மெகாவாட் திட்டத்தை 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் இணைந்து தொடக்கிவைத்தனர். புகையற்ற சக்தி என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நிலக்கரி கேட்டது போலவே வெயிலும் காணி கேட்கிறது, அதுவும் நூற்றுக்கணக்கான ஏக்கரில். குடாவின் மறுகரையிலே, துறைமுக அதிகார சபை தனதெனச் சொல்லும் முத்துநகர் நிலத்தில் தாம் நெடுங்காலம் நெல் விளைவித்த வயல்கள் சூரியசக்தித் திட்டங்களுக்கு விடப்பட்டமைக்கு எதிராக, 2025இல் உழவர்கள் போராட்டத்தில் இறங்கினர். துறைமுகத்துக்கென எப்போதோ வர்த்தமானியில் அடங்கிய காணி அது என்கிறது அலுவலகம். எங்கள் தகப்பன்மார் காடு வெட்டித் திருத்திய வயல் இது என்கிறார்கள் அவர்கள்.