கச்சான் வீசும்போது கடல்

கச்சான் காலத்தில் மட்டக்களப்புக் கடல் கரையோரம் அலையடங்கிக் கிடக்கிறதே, பிறகு ஏன் மீனவர் அந்தக் காற்றுக்கு அஞ்சுகிறார்கள் என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி.

வாடையும் கொண்டலும் எல்லோருக்கும் தெரியும். கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது. ஆனி, ஆடியில் உக்கிரம். கொழும்புப் பக்கம் மழையாகப் பெய்யும் அதே பருவக்காற்றுதான் இங்கே வறண்டு, அனலாக வந்து சேர்கிறது. இடையில் நிற்பது மலைநாடு. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை காணும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்துச் சரிவுகளில் ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் அது மலையைத் தாண்டுகிறது. மேலேறும்போது, நீராவி மழையாக மாறுகையில் வெளிவரும் வெப்பம் காற்றை அதிகம் குளிரவிடாது: கிலோமீற்றருக்கு 5, 6 டிகிரிதான். கீழிறங்கும்போது அந்த வறண்ட காற்று அழுத்தத்தால் கிலோமீற்றருக்கு 10 டிகிரி சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும், காரணம் ஒன்றுதான்.

எனக்கு ஓயாத வியப்பு இதுதான்: கடற்கரை ஊருக்குப் பிற்பகலில் கடற்காற்று வந்தே ஆகவேண்டும். கச்சான் அதையும் கரையேற விடாமல் திருப்பிவிடும். அன்று வெப்பம் 37 டிகிரியை எட்டும். அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் கலைச்சொல் அகராதி இந்தக் காற்றை மட்டக்களப்பின் பெயர் சொல்லி, ‘கச்சான்’ என்றே பதிந்திருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலை எழும்ப இடமில்லை. வெளியே போகப் போகத்தான் திரை வளரும். போவது சுகம், திரும்புவதுதான் பாடு. பாய்த்தோணி காற்றின் முகத்துக்கு நேரே ஓடாது, மாறி மாறிச் சாய்த்து வளைந்துதான் கரைபிடிக்க வேண்டும். இன்று எஞ்சின் நின்றுபோன படகைக் கச்சான் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். அங்கே ஒதுங்க ஒரு தீவும் அருகில் இல்லை, வங்காள விரிகுடாதான்.

இந்த அறிவு கரையில் மூத்தவர்களிடம் நிறைய இருக்கிறது. நான் கேட்கும் வானொலி அறிக்கைகளோ திசையையும் வேகத்தையும் மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எஞ்சினை நம்பிப் பாயும் துடுப்பும் இல்லாமல் இறங்கும் இளைஞர்களுக்கு அது போதாது. ‘கச்சான் கடுமை, கரை தெரியும் தூரத்துக்குள் நில்லுங்கள்’ என்று சொன்னால் கல்முனையிலும் வாழைச்சேனையிலும் கேட்கிறவருக்கு அந்தக் கணமே விளங்கும்.