சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

விட்டுவிட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறு மெக்கானிக்கின் முன்னால் பெரும்பாலும் தலைகாட்டாது. அதனால் கார் மறுக்கும் அந்த நேரத்தில் கேட்கும் சத்தமே முதல் தடயம்.

'டிக் டிக்' என்ற தொடர் சத்தத்தோடு விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கலாம். முழு சார்ஜில், எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து, பேட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குவதற்கும், எர்த் வயரைப் பார்ப்பதற்கும் பெரிய செலவில்லை. இவற்றைச் செய்யாமலே புது பேட்டரி வாங்குவோர் பலர். கோளாறு அப்படியே நீடிக்கும்.

விளக்குகள் மங்காமல் ஒரே ஒரு 'டக்' கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் மீது சந்தேகம். சத்தமே இல்லையென்றால் ரிலே, கிளட்ச் சுவிட்ச்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றாவிட்டால் பேட்டரி குற்றவாளி அல்ல. சூட்டில் மட்டும் மறுத்து, ஆறியதும் ஓடும் காரில் கிராங்க் சென்சாரை முதலில் பார்க்கலாம். டேஷ்போர்டில் சாவிக் குறி மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியால் முயன்றால் விடை கிடைத்துவிடும்.