உளிக்கு முளைத்த காளான்

குரோம்பேட்டையில் மாடி எடுக்கும் ஆபீஸ் ஆசாமிகளைக் கவனித்திருக்கிறீர்களா? லோன் சாங்ஷன் ஆன மறுநாளே லீவு போட்டுவிட்டு சிமெண்ட் மூட்டையை எண்ணுவார்கள். செங்கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். எம்-சாண்டை உள்ளங்கையில் கசக்குவார்கள். கொத்தனார் கையிலிருக்கும் உளியை மட்டும் பார்க்க மாட்டார்கள். "அது அவர் சாமான் ஸார், நமக்கென்ன?"

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பைப் பதிக்க சுவரில் காடி எடுத்துக் கொண்டிருந்தார்கள். கட்டிங் மெஷின் கோடு போட்டாலும், கொத்தி எடுக்க உளிதான். அதன் தலை வருஷக்கணக்கில் சுத்தியலடி வாங்கி, காளான் குடை மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் பிசிறு.

"எப்ப சாணை பிடிச்சீங்க மேஸ்திரி?"

"முந்தாநாள்தான் சார். கூர்ப் பக்கம். தலைய யாரு பாக்கறாங்க?"

நான் பி.காம். தேய்மானம் என்றால் பொருளின் மதிப்பு குறையும் என்றுதான் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். உளி விஷயத்தில் ஆபத்து கூடுகிறது. அடி விழும்போது அந்தப் பிசிறு தெறித்தால் தோட்டாதான். பாதை நேராகக் கண்ணுக்கு! வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பிசிறைத் தேய்த்து, ஓரத்தை மழுக்கித் தருவார்கள்.

சுத்தியல் பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுவது நம் ஊர் வைத்தியம். மரம் ஊதிப் பிடித்துக் கொள்ளும். வெயிலில் காய்ந்ததும் பழையபடி ஆடும். சாரத்தில் நிற்பவர் ஓங்கும்போது சுத்தியல் தலை கழன்றால், கீழே சித்தாள் நிற்கிறார். ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். பிடி விரிசல் விட்டிருந்தால் புதுசு.

ஒரு வேடிக்கை. குரோம் லெதர் தொழிற்சாலையால் பேர் வாங்கிய ஊர் இது. தோலால் பேர் வாங்கிய ஊரில் உளி பிடிக்கும் கைக்கு ஒரு தோலுறை கிடையாது! (ஈரச் சிமெண்டுக்குத் தோலுறை உதவாது, ரப்பர்தான். சிமெண்டிலும் கொஞ்சம் குரோமியம் உண்டு. கொத்தனார் கையில் வரும் சொறிக்கு அதுவும் ஒரு காரணம்.)

கண்ணில் பிசிறு தெறித்துவிட்டால் கசக்கக் கூடாது. கைக்குட்டை நுனியால் எடுக்கிறேன் பேர்வழி என்று யாரும் கிளம்பக் கூடாது. தாய்ப்பால் வைத்தியமும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். 1819-ல் ஆரம்பித்த அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. நீங்கள் தினமும் தொங்கிக் கொண்டு போகும் அதே பீச் ரயில்தான்.

கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து உதவித்தொகை உண்டு. உங்கள் வீட்டு மேஸ்திரியிடம் கார்டு இருக்கிறதா, கேளுங்கள்.

பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஒரு மூட்டை சிமெண்ட் விலைகூட ஆகாது. அந்த வீட்டுக்காரரை நச்சரித்து ஒன்று வாங்க வைத்தேன். மறுநாள் எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி அதை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார்.

"வேர்த்தா மங்குது சார். உளியை எடுக்கறப்ப இறக்கிக்குவேன்."

இறக்கிக் கொள்கிறாரா என்று பார்க்க, இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன்.